பேயைக் காக்கவைக்கும் கிழவர்கள்

"ஏம்மா, சாகப்போற வயசுல இருக்கிற ஆளு பேயப் பாத்து எதுக்கும்மா பயப்படணும்? பயமே இல்லாத எடத்துல கதை ஏது? கதையே இல்லாத எடத்துல ஆராய்ச்சி ஏது?"

முனைவர் பட்டத்துக்கான தலைப்பை நான் முன்வைத்த அன்று குழுவின் நடுவில் உட்கார்ந்திருந்த பேராசிரியர் இப்படிக் கேட்டார். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர்: அவர், வெளியூரிலிருந்து வந்திருந்த ஒரு மேடம், என் நெறியாளர். இந்தப் பக்கம் நான் மட்டும். வயதானவர்கள் கதாநாயகர்களாக வரும் பேய் நகைச்சுவைப் படங்களை ஏன் சிலர் தேடிப் பார்க்கிறார்கள் என்பதுதான் என் தலைப்பு. நம் ஊரில் அப்படிப்பட்ட படங்கள் அபூர்வம். வெளிநாடுகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாக எடுக்கிறார்கள். பெரிய திரையரங்குகளுக்கு அவை வருவதில்லை. தேடினால் கிடைக்கும்.

கேள்வியைக் கேட்டுவிட்டு அவரே சிரித்தார். என் நெறியாளர் சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசித்துப் பாதி சிரித்தார். கேட்டவருக்கு அடுத்த வருடம் பணி ஓய்வு. தலைக்கு அடித்த மை காதோரத் தோல் வரை இறங்கியிருந்தது. கிழவர்களைப் பற்றிப் பேசும்போது முதுமை தான் போகவே போகாத ஏதோ ஓர் ஊர் என்பதுபோலத்தான் பேசினார்.

பிறகு என் ஆய்வுச் சுருக்கத்தைத் திருப்பி என் பக்கம் தள்ளினார். எட்டு இடத்தில் சிவப்பு மையால் வட்டம் போட்டிருந்தார்.

"இது என்னம்மா, பசாசு பசாசுன்னு? பிசாசுன்னு எழுதத் தெரியல, டாக்டர் பட்டமா?"

"பிழை இல்லீங்க சார். எங்க பக்கம் அப்படித்தான் சொல்லுவோம்."

"ஒங்க பக்கம்னா எந்தப் பக்கம்?"

"ஆவூர் பக்கம்ங்க."

"வீட்டுத் தமிழ வீட்லயே வச்சுக்கம்மா. இங்க எழுதுறதுக்கு வேற தமிழ் இருக்கு."

மூன்று மாதத்தில் மறுபடி வரச் சொன்னார்கள். அப்போதும் ஏற்கவில்லை என்றால் என் பதிவு ரத்தாகிவிடும். வெளியே வந்ததும் நெறியாளர் என்னைத் தனியே கூப்பிட்டு நல்ல மனதோடுதான் பேசினார். "பழைய இலக்கியத்தில் முதுமைன்னு மாத்திக்கம்மா. நூலகத்துல எல்லாம் இருக்கு. நான் பாத்துக்கிறேன். ஒங்க வீட்ல மொத மொத படிச்ச பொண்ணு நீ. உருப்படியா ஒண்ணு எடு, முடி, வேலைக்குப் போ."

முதன்முதலாகப் படித்தவள் என்றால் சொன்னதைக் கேட்டுக்கொண்டு போக வேண்டும் என்று இவர்களுக்கு யார் சொன்னது என்று தெரியவில்லை. வீட்டில் யாரும் படித்திருக்கவில்லை என்பதால் எதைப் படிக்க வேண்டும் என்று எனக்குச் சொல்ல ஆளே இருந்ததில்லை. நானேதான் தேர்ந்தெடுத்தேன். பத்தாவதுக்குப் பின் எந்தப் பிரிவு, எந்தக் கல்லூரி, எந்த விடுதி, எல்லாம் நானே விண்ணப்பம் நிரப்பி நானே போய் நின்று வாங்கியவை. அப்பா கையெழுத்து மட்டும் போடுவார். அந்தக் கையெழுத்தும் பெரிய வயதில் மாலை வகுப்பில் கற்றுக்கொண்டது. அம்மாவுக்கு ஓர் எழுத்தும் தெரியாது. ஆனால் செபப் புத்தகத்தில் உள்ள அத்தனையும் மனப்பாடம். பசாசு என்ற சொல் எனக்கு அம்மா வாயிலிருந்து வந்தது. புத்தகத்தில் பார்க்கும் முன்பே காதில் விழுந்துவிட்டது.

இந்தப் படங்களில் முதலாவதை நான் பார்த்தது புதுக்கோட்டையில் கல்லூரி விடுதியில். ஆறு பேர் ஒரு கட்டிலில் உட்கார்ந்து ஒரு லேப்டாப்பைப் பார்த்தோம். பனி கொட்டும் ஏதோ ஓர் ஊர். பேருந்து ஓட்டி ஓய்வுபெற்ற ஒரு கிழவர் தனியாக இருக்கிறார். அவர் வீட்டு மாடியில் ஒன்று குடியேறிவிடுகிறது. அதற்கு ஒரு விதி. மாடிக்கு வரும் ஆளைத்தான் அதனால் எடுத்துக்கொள்ள முடியும். கிழவருக்கோ முழங்கால் தேய்ந்துபோய்விட்டது. மாடி ஏறி நான்கு வருடம் ஆகிறது.

அவர் குளியலறையில் வழுக்கி விழுந்த இடத்தில் என் தோழிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. விழுந்தவர் உடனே எழவில்லை. முதலில் கையை ஊன்றி, ஊன்றிய கை வலிக்கிறதா என்று பார்த்து, அப்புறம் ஒரு முட்டியை மடக்கி, சற்று நேரம் நாய் மாதிரி நான்கு காலில் நின்று யோசித்து, அப்புறம்தான் எழுந்தார். எங்கள் அப்பா வயலில் அப்படித்தான் எழுந்திருப்பார். நான் பிறக்கும்போதே அவருக்கு நாற்பதைத் தாண்டிவிட்டது. கல்யாணமாகிப் பதினாறு வருடம் கழித்துப் பிறந்தவள் நான். பள்ளிக்கூடத்தில், "யாருடி வந்திருக்கிறது, ஒங்க தாத்தாவா?" என்று கேட்பார்கள். இல்லை, அப்பா என்று சொல்வேன். குரலைத் தணிக்காமல்தான் சொல்வேன்.

அதுவரை நான் பார்த்த பேய்ப் படங்களில் வயதானவர்களுக்கு மூன்று வேலைகள்தான். ஒன்று, வீட்டுக்குள் போகாதே என்று வாசலில் நின்று எச்சரிப்பது. இரண்டு, மந்திரம் சொல்லி ஓட்டுவது. மூன்று, முதல் ஆளாகச் சாவது. மிச்சப் படம் முழுக்க இளவட்டங்கள் ஓடுவார்கள். ஓடத் தெரிந்தவர்களுக்குத்தான் பேய்ப்படம் என்று ஆகிவிட்டது. ஓட முடியாத ஒருவரை நடுவில் வைத்தால் படத்தில் எல்லாமே மாறிவிடுகிறது. நின்று பேச வேண்டியிருக்கிறது. பேரம் பேச வேண்டியிருக்கிறது. ஏமாற்ற வேண்டியிருக்கிறது. அந்த ஓட்டுநர் என்ன செய்தார் தெரியுமா? கட்டிலைக் கீழே இறக்கிப் போட்டுக்கொண்டார். அவ்வளவுதான். மேலே அது பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தது.

அன்றிலிருந்து நான் இப்படிப்பட்ட படங்களாகத் தேடிப் பார்க்கத் தொடங்கினேன். முப்பதுக்கு மேல் பார்த்துவிட்டேன். அதில் பாதி மோசமான படங்கள். காதில் மாட்டிய கருவியைக் கழற்றி வைத்துவிட்டதால் பேய் மூன்று முறை பெயர் சொல்லிக் கூப்பிட்டும் கேட்காமல் தப்பித்த ஒரு பாட்டியம்மாள் படம் உண்டு. ரத்தம் எல்லாம் தக்காளிச் சாறு என்று பார்த்தாலே தெரியும். எனக்கு அதுவும் பிடிக்கும்.

குழுவில் திருப்பி அனுப்பிய அதே வாரம் அப்பா வரப்பில் வழுக்கிக் கணுக்காலை முறித்துக்கொண்டார். மாவுக்கட்டு போட்டு ஆறு வாரம் காலை ஊன்றக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். நான் விடுதியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். பேச்சுத் துணைக்கு அப்பாவின் அண்ணன், என் பெரியப்பா, தினமும் வருவார். அவரோடு பெரியம்மாவும் வருவார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, கறிக்குழம்பும் சாப்பிட்டு முடித்து, நாலு பேரும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த ஒரு மத்தியானம், பன்னிரண்டாம் வகுப்பில் எனக்குக் கிடைத்த பழைய லேப்டாப்பை டிவியில் மாட்டினேன்.

"என்ன தாயி, இங்கிலீசுப் படமா? சுட்டுக்கிட்டே இருப்பாய்ங்களே" என்றார் பெரியப்பா.

"இல்ல பெரியப்பா. இது பேய்ப்படம். ஹீரோவுக்கு ஒங்க வயசு."

"அப்ப ஹீரோயினிக்கு?"

"அவ அடுப்படியில நிப்பா. பேசாம ஒக்காந்து பாருங்க" என்றார் பெரியம்மா.

அந்தப் பேருந்து ஓட்டுநர் படத்தைத்தான் போட்டேன். கீழே ஓடும் ஆங்கில எழுத்தை நான் பார்த்துப் பார்த்துத் தமிழில் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் எழுத்தை வாசிக்கிற ஒரே ஆள் நான். கிழவருக்கும் நானே குரல், டாக்டருக்கும் நானே குரல், மாடியில் நிற்பதற்கும் நானே குரல்.

கடைசியில் கிழவர் மாடிக்குப் போக முடிவு செய்கிறார். விளையாட்டாக மாடி ஏறிய பக்கத்து வீட்டுப் பிள்ளையை அது பிடித்து வைத்துக்கொண்டுவிட்டது. கைப்பிடியைப் பிடித்து ஒரு படி ஏறினார். நின்றார். மூச்சு வாங்கினார். இன்னொரு படி.

"முட்டி புடிச்சிருச்சு" என்றார் அம்மா.

"பக்கவாட்டுல திரும்பி ஏறுய்யா, அப்பத்தான் வலிக்காது" என்று பெரியப்பா டிவியைப் பார்த்து வழி சொன்னார்.

மாடியில் அது இரண்டு கையையும் விரித்து, நாக்கைத் தொங்கவிட்டுத் தயாராக நின்றது. கிழவர் நாலாவது படியில் உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து மாத்திரையை எடுத்தார். விரித்த கை அப்படியே நின்றது. ஒரு கை மெதுவாக இறங்கியது.

"அட, பேயி காத்துக்கிட்டுல்ல நிக்குது!" என்றார் அப்பா.

நாலு பேரும் சிரித்த சிரிப்பில் மாவுக்கட்டு தரையில் தட்டியது. பெரியப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "நிக்கட்டும். ஆஸ்பத்திரியில, ஆபீசுல, ரேஷன் கடையில நம்ம எம்புட்டு நேரம் நிக்கிறோம். ஒரு நா அதும் நிக்கட்டும்."

மேலிருந்து அது ஏதோ கத்தியது. திரையில் இருந்தது, சீக்கிரம் வா என்பது மட்டும்தான். நான் அவசரத்தில், "சீக்கிரம் வா பெருசு" என்று சொல்லிவிட்டேன்.

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். "பேயும் பெருசுன்னுதான் கூப்புடுதா?"

பஸ்ஸில் கண்டக்டர், வங்கியில் வாசல் காவலர், கால் கட்டுக்குப் போன இடத்தில் சீட்டு எழுதிய இளைஞன், எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். தள்ளி நில்லு பெருசு. என் வாயிலும் அதுதான் வந்திருக்கிறது. படத்தில் கிழவர் அடுத்துச் சொன்னதை நான் கொஞ்சம் கூட்டித்தான் சொன்னேன்: "மொதல்ல மரியாதையாக் கூப்புடு. அப்பறம் வாரேன்." அப்படி ஒரு வசனம் அங்கே கிடையாது. நாலு பேருக்கும் அது தெரியாது. இன்றுவரை நான் அதற்காக வருத்தப்படவில்லை.

படம் முடிந்ததும் ஒரு வாக்குவாதம் நடந்தது. நான் ஒவ்வொரு இடத்திலும் பேய் என்றே சொல்லிவந்தேன். குழுவில் வாங்கிய அடி அப்படி. பசாசு என்ற சொல் வாயில் வரவே கூசியது. பெரியப்பாவுக்கு அது பிடிக்கவில்லை.

"நீ பேயின்னு சொல்றதே தப்பு தாயி. பேயின்னா செத்துப்போன மனுசன். இவன் யாரு, எந்த ஊரு, எப்பச் செத்தான்னு படத்துல சொல்லவே இல்லையே. இது பசாசு."

"ரெண்டும் ஒண்ணுதானே பெரியப்பா?"

"எப்படி ஒண்ணாகும்? செத்தவன்னா இன்னுங் கொஞ்ச நாள்ல நமக்குப் பக்கத்து வீட்டுக்காரன். அவனுக்கு எதுக்குப் பயப்படணும்? பசாசு மனுசனாவே இருந்ததில்ல. அதுக்கு வயசு ஆவாது. முட்டி வலின்னா என்னன்னு அதுக்குத் தெரியாது. அதான் படியில ஒருத்தன் ஏன் ஒக்காருறான்னு வெளங்காம முழிக்குது."

"வருசா வருசம் ஈஸ்டர் ராத்திரிப் பூசையில, சாமியாரு கேக்கக் கேக்க, பசாச விட்டுவிடுகிறேன், விட்டுவிடுகிறேன்னு நானுந்தான் சொல்லிட்டு வாரேன். எங்க விட்டுச்சு? அந்தா, செவுத்துல சாஞ்சு ஒக்காந்திருக்கு" என்று பெரியம்மா பெரியப்பாவைக் காட்டினார்.

எல்லோரும் சிரித்தார்கள். சிவப்பு வட்டம் போட்ட எட்டு இடத்தையும் அன்று மாலையே எடுத்து வைத்துப் பார்த்தேன். ஏழு இடத்தில் நான் எழுதியது சரி. வயதே ஆகாத ஒன்றோடு வயதான ஒருவர் மோதுவதைப் பற்றி எழுதிய இடங்கள் அவை. ஒரே ஓர் இடத்தில்தான் பேய் என்று எழுதியிருக்க வேண்டும். அங்கே வந்தது செத்துப்போன மனைவி. அந்த ஒன்றைத் திருத்தினேன். மற்ற ஏழையும் தொடவில்லை. பேராசிரியர் கேட்ட கேள்விக்கும் பதில் கிடைத்துவிட்டது. கிழவர் சாவுக்குப் பயப்படுகிறாரா என்று இந்தப் படங்கள் கேட்பதில்லை. மூப்பு என்றால் என்னவென்றே தெரியாத ஒன்று வந்து அதிகாரம் பண்ணினால் அதற்கு அடங்க வேண்டுமா என்றுதான் கேட்கின்றன.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து வாரம் ஒரு புதுப் படம் காட்டி, ஒரு நோட்டுப் போட்டு எழுத ஆரம்பித்தேன். எந்த நிமிடத்தில் யார் சிரித்தார், யார் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார் என்று. மூன்றாவது ஞாயிறு, படத்தின் நடுவில் அப்பா கேட்டார்.

"என்னத்த எழுதிக்கிட்டே இருக்க?"

"நீங்க சிரிக்கிற எடத்த எழுதுறேன்ப்பா. ஆராய்ச்சிக்கு."

அவர் முகம் மாறிவிட்டது. "நாங்க பல்லக் காட்டுறத எழுதி, அங்கிட்டுப் போயி ஒங்க வாத்தியாருமாருட்டக் காட்டுவியா?"

"அப்படி இல்லப்பா..."

"படிக்காத சனம் எப்படிச் சிரிக்குதுன்னு பாக்கவா ஒன்னயப் படிக்க வச்சேன்? நிறுத்து அத."

நிறுத்தினேன். பெரியம்மா செருப்பைத் தேடினார்.

குழுவில் அந்த மனிதர் சொன்னது எனக்குக் கோபத்தைத்தான் கொடுத்தது. அப்பா சொன்னது உள்ளே போய்க் குத்தியது. கிழவர் விழுந்ததற்கு விடுதிக் கட்டிலில் உட்கார்ந்து சிரித்த தோழிகளைவிட நான் எந்த விதத்தில் மேல்? அவர்கள் திரையில் இருந்தவரைப் பார்த்தார்கள். நான் என் அப்பாவையே திரையாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன், அதுவும் அவருக்குச் சொல்லாமல். நெறியாளர் சொன்ன தலைப்பை எடுத்துக்கொண்டால் என்ன என்று அந்த இரண்டு நாளும் நினைத்தேன். தலைப்பை மாற்றும் விண்ணப்பத்தைக்கூட நிரப்பிவிட்டேன்.

மூன்றாம் நாள் காலையில் அப்பா கட்டுக்காலை முக்காலியில் நீட்டிக்கொண்டு கூப்பிட்டார். "அந்த நோட்ட எடுத்தா. என்ன எழுதியிருக்கன்னு வாசி."

வாசித்தேன். "பதினேழாவது நிமிடம். பல்செட்டை டம்ளரில் காணோம் என்று கிழவர் தேடுகிறார். அப்பா சிரித்தார்."

"நானா? நான் அங்க சிரிக்கல."

"சிரிச்சீங்கப்பா. நான் பாத்தேனே."

"இருமுனேன். மொளகு கடிபட்டுருச்சு. பல்லு காணாமப் போறதுல சிரிக்க என்ன இருக்கு? அடி அத."

அடித்தேன்.

"அடுத்து?"

"முப்பத்திரண்டாவது நிமிடம். மகன் போன் பண்ணுகிறான். யாரும் சிரிக்கவில்லை."

"எழுதிக்க. நானும் அண்ணனும் சிரிச்சோம், வெளிய தெரியாம. ஏப்பா, வீட்டுக்குள்ள பேய் இருக்குங்குறேன்னு அந்தாளு சொல்றாரு. மவன், சாப்பிட்டியான்னு கேக்குறான். அதவிடச் சிரிப்பு அந்தப் படத்துல வேற எங்க இருக்கு?"

அன்று மத்தியானம் பெரியப்பாவும் பெரியம்மாவும் வந்ததும் விசாரணை பெரிதாகிவிட்டது. "நான் சிரிச்சத ரெண்டுன்னு போட்டிருக்க, நாலு தடவ சிரிச்சேன்" என்று பெரியம்மா சண்டைக்கு வந்தார். ரத்தம் தெறிக்கும் இடத்தில் தான் கண்ணை மூடிக்கொண்டதாக நான் எழுதியதைப் பெரியப்பா ஒத்துக்கொள்ளவே இல்லை. கண்ணில் தூசி என்றார். அம்மா மட்டும், "நான் தூங்குனத எழுதலையா?" என்று கேட்டார். எழுதவில்லை. எழுதச் சொன்னார். பன்னிரண்டு பக்கத்தில் பாதி வரிகள் அடிபட்டன. ஓரங்களில் அவர்கள் சொன்ன காரணங்களை எழுதினேன். கடைசியில் அப்பா பேனாவைக் கேட்டு வாங்கி, ஒவ்வொரு பக்கத்தின் கீழேயும் தன் கையெழுத்தைப் போட்டார். ஒரு பக்கத்துக்கு ஒரு நிமிடம் ஆனது. "இப்பக் கொண்டுபோயிக் காட்டு. நான் சொன்னதுதான் இதுல இருக்கு" என்றார்.

நிரப்பி வைத்திருந்த விண்ணப்பத்தைக் கிழித்துப் போட்டேன்.

இரண்டாம் முறை குழுவின் முன் போனபோது என் தலைப்பு அப்படியே இருந்தது. ஏழு பசாசும் அப்படியே இருந்தன. பேராசிரியர் தாளைப் புரட்டியதுமே நிமிர்ந்தார்.

"இன்னும் பசாசு போகலையா?"

"ஒரு எடத்துல போயிருச்சுங்க சார். அது உங்களால இல்ல, எங்க பெரியப்பாவால" என்றேன்.

நூலகத்தில் பெரிய அகராதியில் அந்தச் சொல் இருந்த பக்கத்தை நகல் எடுத்து வைத்திருந்தேன். அதைக் கொடுத்தேன். பேய்க்கும் பசாசுக்கும் எங்கள் பக்கம் உள்ள வித்தியாசத்தையும், அந்த வித்தியாசம் இல்லாமல் இந்தப் படங்களில் யார் யாரோடு மோதுகிறார்கள் என்றே பிரித்துச் சொல்ல முடியாது என்பதையும் சொன்னேன். அவர் நகலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "அடிக்குறிப்புப் போட்டுக்க" என்றார். பிழை என்று சொன்னதைத் திரும்பப் பெறவில்லை. நானும் நன்றி சொல்லவில்லை.

வெளியூர் மேடம் அதுவரை நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். "இது யாரோட கையெழுத்து, எல்லாப் பக்கத்துலயும்?"

"எங்க அப்பாவோடதுங்க மேடம். நான் எழுதுனதுல பாதி தப்புன்னு சொல்லி அடிச்சவரு அவருதான்."

மேடம் அடிபட்ட வரிகளை ஒவ்வொன்றாகப் படித்தார். ஓரிடத்தில் வாயைப் பொத்திக்கொண்டார். எந்த இடம் என்று பார்த்தேன். மகன் போன் பண்ணும் இடம்.

"நல்லாருக்கு. ஆனா இது ஒங்க குடும்பம். நாலு பேர். இத வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. வேற ஊர், வேற தொழில், வேற சனம் வேணும். ஐம்பது பேராவது" என்றார்.

"ஐம்பது கெழடுகள எங்க போய்ப் பிடிப்பா மேடம்?" என்றார் பேராசிரியர். பிறகு என்னிடம், "ஒரு வயசுப் பொண்ணு லேப்டாப்பத் தூக்கிட்டு ஊர் ஊராப் போய்ப் பேய்ப்படம் போட்டுக் காட்டுவியா? நடக்குற காரியமா சொல்லு."

"காட்டுவேங்க சார்."

"எப்ப?"

"ஆறு மாசத்துக்குள்ளங்க."

ஆறு மாதத்தில் அதைக் கொண்டுவந்தால் தலைப்பு நிலைக்கும், இல்லையென்றால் பழைய இலக்கியம்தான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். நெறியாளர் வராந்தாவில் பின்னாலேயே வந்து, கோடை விடுமுறை முடிந்து நிதானமாக ஆரம்பிக்கலாம் என்றார். தலையை மட்டும் ஆட்டினேன்.

அந்த வாரமே அறந்தாங்கி போய் மணமேல்குடிக்கு பஸ் ஏறினேன். அங்கே எனக்கு யாரையும் தெரியாது. கடற்கரையில் ஒரு கொட்டகைக்குக் கீழே ஆறேழு பெரியவர்கள் வலையில் கிழிசல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடலுக்குப் போவதை விட்டவர்கள். நேராகப் போய், நான் யார், எந்த ஊர், என்ன படிக்கிறேன், எதற்கு வந்திருக்கிறேன், அவர்கள் சிரிப்பதையும் சிரிக்காததையும் எழுதிக்கொள்வேன், எழுதியதை அவர்களிடமே வாசித்துக் காட்டுவேன் என்று ஒன்று விடாமல் சொன்னேன்.

"பேய்ப்படமா? நாங்க கடல்ல பாக்காததையா காட்டப் போற?" என்றார் ஒருவர்.

"இவன் பேச்சக் கேக்காதம்மா. இவன் பாத்ததெல்லாம் தண்ணியப் போட்டுட்டுப் பாத்தது. நீ போடு, நாங்க வாரோம்" என்றார் இன்னொருவர்.

மீனவர் சங்கக் கட்டடத்துச் சாவி யாரிடம் இருக்கிறது என்று அவர்களே ஆள் அனுப்பிக் கேட்டார்கள். படகு போகாத நாளாகப் பார்த்துக் காலை பத்து மணிக்கு என்று முடிவானது. அந்த நாள் நேற்று. ஜன்னல்களில் சாக்கைத் தொங்கவிட்டு இருட்டாக்கினோம். பத்தொன்பது பேர் வந்திருந்தார்கள், அதில் ஏழு பேர் பெண்கள். கருவாடு விற்றுவிட்டு நேராக வந்தவர்களின் கூடைகள் வாசலில் வரிசையாக இருந்தன. பேருந்து ஓட்டுநர் படத்தையே போட்டேன்.

படியில் கிழவர் உட்கார்ந்தார். மாத்திரையை எடுத்தார். மாடியில் அது விரித்த கையோடு நின்றது. பத்தொன்பது பேரில் ஒருவரும் சிரிக்கவில்லை.

படத்தை நிறுத்தி, விளக்கைப் போட்டு, ஏன் என்று கேட்டேன். பதில் சொல்ல ஆறு பேர் ஒரே நேரத்தில் ஆரம்பித்தார்கள். ஒருவர் ஒருவராகச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டுப் புது நோட்டைத் திறந்து எழுத ஆரம்பித்தேன்.